நிற்கிற ரயிலில் நடந்தவன்

எல்லா ரயிலும் நின்று போகிற ஊர் ஓல்டன்.
இங்கே நான் நிற்கக் கூடாதாம்,
பத்து நிமிடத்துக்கு மேல்.
இந்தச் சப்பாத்து இல்லாமல்
ஒரு நிமிடமும்.

முழங்கால் வரை ஏறும் சாம்பல் நிறச் சப்பாத்து.
யோகமலர் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருக்கிறாள்:
வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல்
கவனிப்பு மட்டும் கேட்கிறதாம்.

இருபத்திரண்டு வருடம் இரவு வேலை.
பெட்டி பெட்டியாகக் கூட்டித் துடைத்தேன்.
சூரிச்சுக்கும் பேர்னுக்கும் ஓடிய ரயிலெல்லாம்
யார்டில் அசையாமல் கிடக்க
அதற்குள்ளே நான் நடந்தேன்,
முன்பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை.
பிறகு அடுத்த ரயில்.
எங்கும் போகாத அந்தப் பயணத்துக்கு
யாரும் எனக்கு டிக்கெட் கிழிக்கவில்லை.

சலரோகம் வந்தபோது டொக்டர் சொன்னார்: நட.
நான் சிரித்தேன்.
ஐயா, அது ஒன்றைத்தானே செய்கிறேன்.

பிறகு ஒருநாள் காலுறையில்
குங்குமப் பொட்டளவு ரத்தம்.
பெருவிரலின் அடியில் ஒரு துளை.
எங்கிருந்தோ வந்த திருகாணி
எத்தனை நாளாய்ச் சப்பாத்துக்குள் குடியிருந்ததோ.
வலிக்கவில்லை.
வலிக்காததுதான் வருத்தம்.

தாதி நைலோன் நூலால்
பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன்,
அறிவிப்பு வராத மேடையில் நிற்பவன் போல.
தொடங்கிவிட்டீர்களா என்றேன்.
முடிந்துவிட்டது என்றாள்.

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு தாள்.
ஒன்று: தினமும் உடம்பை அசைக்கவும்.
மற்றது: காலுக்குப் பாரம் கொடுக்க வேண்டாம்.
இரண்டையும் ஒரே காந்தம் பிடித்திருக்கிறது.

நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டவள்
பிசியோ செய்ய வருகிற ரெகுலா.
கொண்டைக்கடலை ரின் இரண்டு, கைக்கொன்று,
தோளுக்கு மேலே இருபது தரம்.
கதவுப் பிடியில் கட்டிய ரப்பர் நாடா,
நெஞ்சுக்கு இழு, விடு.
மேசைமேல் ஒரு கைச்சைக்கிள்:
மிதிக்க வேண்டியதைக் கைகளால் சுற்று.
முதல் நாள் நாலு நிமிடம்.
வேர்த்தது. வெட்கமாயும் இருந்தது,
ஐம்பத்தெட்டு வயதில்
காற்றில் மாவாட்டுகிற மாதிரி.

சைக்கிள் கீச்சிட்டது. சுற்றுக்கு ஒரு கீச்.
அதை வைத்தே எண்ணினேன்:
நூறு கீச்சுக்கு ஆராவ்,
முன்னூறுக்கு லென்ஸ்பூர்க்.
ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம்,
எந்த ஊரென்றாலும் நம்பலாம்.

ஒன்பதாம் நாள் காலையில் மணி அடித்தது.
கீழ்வீட்டு பூர்கி.
பதினாறு வருடமாய்ப் படியில் தலையாட்டுவார், அவ்வளவுதான்.
சலவை அறையை எங்கள் முறை இல்லாத நாளில் திறந்ததற்கு
ஒருதரம் கடிதம் போட்டவர்.
நான் மன்னிப்பு ஒன்றை
ஜெர்மன் இலக்கணத்தோடு தயார் செய்தேன்.
அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.
மேசையைப் பார்த்தார்.
இறங்கிப் போனார்.
திரும்பி வந்தபோது கையில் எண்ணெய்க் குப்பி.
குனிந்து, அச்சில் மூன்று சொட்டு.
ஒரு சுற்றுச் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார்.
சரி என்பதற்கும் குறைவாய் ஏதோ சொல்லிவிட்டுப்
போய்விட்டார்.

இப்போது சத்தமே இல்லை.
குளியலறையிலிருந்து யோகமலர் கத்துகிறாள்:
இன்றைக்கு ஏமாற்றுகிறீர்களோ?
எண்ணிக்கையும் தவறிவிட்டது.
ஆராவுக்கும் லென்ஸ்பூர்க்குக்கும் நடுவில்
எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

காலைச் சீனி ஏழு புள்ளி நாலு.
போன மாதம் பதினொன்று.
புண் இன்னும் பயறளவு இருக்கிறது.

இரவில் கட்டிலில் இருந்தபடி
முகம் பார்க்கும் கண்ணாடியைப்
பாதத்தின் அடியில் பிடிக்கிறேன்.
யார்டில் ஒரு கிழட்டு மனிதர்
சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்.
வெடிப்பிருந்தால் ஒலி மாறுமாம்.
எனக்கு ஒலி இல்லை. கண்தான்.
விரலிடுக்கு. குதிகால். ஓரம்.
இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்கிறேன்.
யோகமலர் கைத்தொலைபேசி வெளிச்சத்தைச் சாய்க்கிறாள்.